‘ஆக்காட்டி’ நாட்டுப்புறப் பாடலை உங்கள் குரலில் பாடி வெளியிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

மக்கள் நெடுங்காலமாகப் பாடிவரும் ஒரு பாட்டை எடுத்துப் புதிதாகப் பாடி வெளியிடுவோர் இப்போது பெருகியுள்ளனர். அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அப்படி வெளிவரும் பதிவுகள் பலவற்றில் தாளமும் கிட்டாரும் தெளிவாகக் கேட்கின்றன, பாட்டின் சொல் மட்டும் கேட்பதில்லை. நாட்டுப்புறப் பாடல் சொல்லின் பலத்தில் நிற்பது. மெட்டு அச்சொல்லை ஏந்திச் செல்வதற்காகவே எளிமையாக அமைந்திருக்கிறது. ஆகவே பாடத்தை, அதாவது பாட்டு வழங்கும் பல வடிவங்களுள் ஒன்றை, தேர்வதில் தொடங்கி ஒலிக்கலவை வரை எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் ‘சொல் கேட்கிறதா’ என்ற ஒரே கேள்வியால் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொதுப்படையாகப் பேசாமல், தமிழகத்திலும் ஈழத்திலும் பலராலும் விரும்பப்படும் ‘ஆக்காட்டி’ பாட்டையே எடுத்துக்கொண்டு இந்த வழிமுறையை விளக்குகிறேன்.

படி 1: பாட்டின் கதையை முழுமையாக அறிந்துகொள்ளுங்கள்

“ஆக்காட்டி ஆக்காட்டி, எங்கெங்கே முட்டையிட்டே?” என்ற கேள்வியோடு பாட்டு தொடங்குகிறது. கல்லைத் துளைத்துக் கடலோரம் முட்டையிட்டதாக ஆக்காட்டி, அதாவது ஆட்காட்டிக் குருவி, பதில் சொல்கிறது. மூத்த குஞ்சுக்கு இரை தேடி மூன்று மலையும், இளைய குஞ்சுக்கு இரை தேடி ஏழு மலையும் சுற்றி வந்த கதையைச் சொல்கிறது. வழியில் ஒருவன் கண்ணி வைத்திருக்கிறான். கால் இரண்டும் கண்ணியில் சிக்க, சிறகு இரண்டும் மாரடிக்கின்றன. தாயும் குஞ்சும் அழுத கண்ணீர் வாய்க்காலாக ஓடி, இஞ்சிக்குப் பாய்ந்து, மஞ்சளுக்குப் பாய்ந்து, தாழைக்குப் பாய்கிறது. சில ஊர்களில் இதைச் சிறுவர்கள் கேள்வி பதிலாகப் பாடுவார்கள். மேடைக் கலைக்குழுக்கள் ஒடுக்கப்பட்டோரின் குரலாகப் பாடியிருக்கின்றன. இரண்டும் பாட்டுக்குப் பொருந்துகின்றன.

பாடுவதற்கு முன்பு அந்தப் பறவையையும் ஒருமுறையேனும் நேரில் பாருங்கள். ஆட்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில் சரளைக் கற்களுக்கு நடுவே சிறு பள்ளத்தில், பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகளை இடும். முட்டையின் நிறமும் புள்ளிகளும் தரையோடு கலந்துவிடுவதால் அருகில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆள் நெருங்கினால் தலைக்கு மேலே வட்டமிட்டு வீறிடும். ‘கல்லைத் துளைச்சு’ என்ற சொற்றொடர் எங்கிருந்து வந்தது என்பது இதைப் பார்த்தவருக்கு உடனே விளங்கும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பாடுகிறவர் அதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆட்காட்டியின் குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்திலேயே எழுந்து நடந்து, தம் இரையைத் தாமே கொத்தித் தின்னத் தொடங்கிவிடும். தாய்ப்பறவை காவல் காக்குமே அன்றி, வாயில் இரை கொண்டுவந்து ஊட்டுவதில்லை. பாட்டைக் கட்டியவர்கள் வயல்வெளியில் அந்தப் பறவையோடு வாழ்ந்தவர்கள். இது அவர்களுக்குத் தெரியாதிருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஏழு மலை சுற்றி இரை தேடுகிறவள், கைப்பிள்ளையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிற பெண். பறவையின் வாயில் அவள் தன் கதையை வைத்திருக்கிறாள். இதை உணர்ந்து பாடுகிறவர் குஞ்சுப் பறவையின் மழலையில் இந்தப் பாட்டைப் பாட மாட்டார். உழைத்துக் களைத்த ஒரு பெரியவளின் குரலே அவருக்கு இயல்பாக வரும்.

படி 2: ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்ற கணக்கு ஊருக்கு ஊர் மாறும். கண்ணீர் பாயும் செடிகளின் வரிசையும் மாறும். ‘வச்சது’ என்று ஓரிடத்திலும் ‘இட்டது’ என்று இன்னோரிடத்திலும் வரும். பிடித்த வரிகளை எல்லாப் பாடங்களிலிருந்தும் பொறுக்கி ஒன்றாக ஒட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு பாடத்துக்குள் வட்டாரப் பேச்சு, அடியின் நீளம், எதுகை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஈழத்து அடியையும் மதுரைப் பக்கத்து அடியையும் அடுத்தடுத்து வைத்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இடறுவது தெரியும்.

பாடத்தைப் பெறுவதற்குச் சிறந்த வழி, அதைப் பாடத் தெரிந்த ஒரு முதியவரிடம் நேரில் கேட்பதுதான். அப்படிக் கேட்கும்போது முதலில் பாடச் சொல்லாதீர்கள். யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார், பின்பாட்டு யார் பாடுவார்கள் என்று பேச்சைத் தொடங்கினால் பாட்டு தானாக வரும். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன்பு, இதைப் பாடி வெளியிடப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள்; அவர் பெயரைக் குறிப்பிடலாமா என்று தனியாகக் கேளுங்கள். அவருடைய நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுப்பது மரியாதை. அவர் ஓர் அடியை மறந்து, பிறகு நினைவு வந்து திருத்திப் பாடினால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரில் கேட்க வாய்ப்பில்லாதவர்களுக்குத் தொகுப்புகள் இருக்கின்றன. நா. வானமாமலை போன்ற ஆய்வாளர்களின் உழைப்பால் ஏராளமான பாடல்கள் அச்சில் நிலைத்துள்ளன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. ஈழத்து நூல்களை ‘நூலகம்’ என்னும் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அச்சுத் தொகுப்பில் சொல் மட்டுமே இருக்கும், மெட்டு இராது என்பதை மறக்க வேண்டாம்.

கண்ணி வைத்தவன் யார் என்ற அடியில் நின்று யோசியுங்கள். சில பாடங்களில் அங்கே ஒரு சமூகத்தின் பெயர் வருகிறது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் ஆங்கிலேயர் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால் தலைமுறைகளாகத் துன்புறுத்தப்பட்டவை. ஒடுக்கப்பட்டவளின் துயரத்தைச் சொல்லும் பாட்டில் இன்னொரு ஒடுக்கப்பட்ட சமூகத்தைக் குற்றவாளியாக நிறுத்துவதை இன்றைய மேடையில் நான் ஏற்க மாட்டேன். அந்த இடத்தில் ‘வேடன்’ என்று பாடினால் கதை எதையும் இழப்பதில்லை. ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்கிறவர் மூலத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். பாடி வெளியிடுகிறவர் மாற்றலாம், ஆனால் மாற்றியதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

படி 3: உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

வாய்மொழியாக வழங்கும் பழம்பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் இந்தியாவில் தனியொருவர் பதிப்புரிமை கோர முடியாது. குழப்பம் வருவது வேறிடத்தில். உங்களுக்குத் தெரிந்த ‘ஆக்காட்டி’ ஏதேனும் ஒரு கலைஞர் பதிவு செய்த வடிவமாக இருந்தால், அவர் புதிதாகச் சேர்த்த அடிகள், இடையிசை, இசைக்கோர்வை ஆகியவற்றுக்கு அவருக்கோ பதிவு நிறுவனத்துக்கோ உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் ஆக்கங்களுக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையும், ஒலிப்பதிவுக்கு அது வெளியாகி 60 ஆண்டுகள் வரையும் உரிமை நீடிக்கும். உரிமையுள்ள ஒரு பாட்டை மறுபடி பதிவு செய்வோருக்காக 2012-இல் 31-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்பும் உரிமைத்தொகையும் கொடுக்க வேண்டும், மூலப் பதிவு என்று மயங்கும்படி உறை அமையக் கூடாது.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே 2003-ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பு அளிப்பதால், வணிக நோக்கில் அங்கே வெளியிடுவோர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

திரைப்படத்துக்காக ஒருவர் எழுதி இன்னொருவர் இசையமைத்த பாட்டைக் கிராமிய மணம் இருப்பதாலேயே நாட்டுப்புறப் பாடல் என்று எண்ணிப் பாடுவோர் உண்டு. அதற்கு அனுமதி வேண்டும்.

படி 4: சுருதியையும் நடையையும் சொல்லைக் கொண்டு முடிவு செய்யுங்கள்

இசைக்கச்சேரிப் பழக்கத்தில் பெண்கள் பெரும்பாலும் 5 முதல் 6 கட்டைச் சுருதியிலும் ஆண்கள் 1 முதல் 2 கட்டையிலும் பாடுவார்கள். இந்தப் பாட்டை வாயை முழுதாகத் திறந்து, வயல் வரப்பில் எதிரே இருப்பவரைக் கூப்பிடும் குரலில் பாட வேண்டியிருப்பதால் அந்தக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ‘காலு ரெண்டும் கண்ணியிலே’ என்ற அடியை முழுக்குரலில் பாடிப் பாருங்கள். குரல் கள்ளக்குரலாக (இயல்பான குரல் எட்டாதபோது வரும் மெல்லிய பொய்க்குரலாக) மாறினால் அரைக்கட்டை இறக்குங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் வந்தாலோ அரைக்கட்டை ஏற்றுங்கள். அந்த ஓரடியில் குரல் சற்றே சிரமப்பட வேண்டும், ஆனால் உடையக் கூடாது.

வேகத்தைக் கண்டுபிடிக்க, மெட்டை மறந்துவிட்டுப் பாட்டை ஒருவருக்குக் கதையாகச் சொல்லுங்கள். அப்போது இயல்பாக எழும் அசைவைத் தொடையில் தட்டினால் பெரும்பாலும் ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக வரும் திஸ்ர நடை கிடைக்கும். ஒரு தகிடவுக்கு ஒரு தட்டு என்று வைத்து, நிமிடத்துக்கு 70 முதல் 80 தட்டு வரை மெட்ரோனோம் என்னும் தாளம் காட்டும் கருவியில் வைத்துப் பாடிப் பாருங்கள். சோகப் பாட்டு என்பதற்காக இதைவிட மெதுவாக இழுத்தால் கேள்வி பதிலின் உயிர்ப்பு போய்விடும். 90-ஐத் தாண்டினால் ‘மாரடிக்க’ என்ற சொல் ஆட்டத்துக்கான சொல்லாக மாறிவிடும்.

படி 5: சொல்லைப் பழகுங்கள்

பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே செலவிடுங்கள். முதல் வேலை, பேச்சு வடிவத்தைக் காப்பது. ‘வச்சது’ என்று கேட்ட பாடத்தை ‘வைத்தது’ என்று திருத்தாதீர்கள். திருத்தினால் அடியின் எடை மாறி, தாளத்தில் ஒரு மாத்திரை கூடும் அல்லது குறையும். அதேபோல் உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டார வழக்கை வலிந்து போலி செய்வதும் வேண்டாம். உங்கள் வாய்க்கு இயல்பாக வரும் வட்டாரத்துக்கு நெருக்கமான பாடத்தைத் தேர்ந்தால் இந்தச் சிக்கலே எழாது.

இரண்டாவது, எந்த எழுத்தில் நீட்டுவது என்பது. தமிழில் நெடிலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். குறிலை நீட்டினால் சொல்லே வேறாகிவிடும். ‘கடலோரம்’ என்ற சொல்லில் மெட்டு எங்கே நீள்கிறதோ அங்கே ‘லோ’ வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ‘க’வில் நீட்டினால் ‘காடலோரம்’ என்று கேட்கும். ‘எங்கெங்கே’ என்பதில் கடைசி ‘கே’யில் நில்லுங்கள். மேல்நாட்டுப் பாட்டுப் பழக்கம் உள்ளவர்கள் தாளத்தின் முதல் தட்டில் எந்த எழுத்து விழுந்தாலும் அதை அழுத்திப் பாடிவிடுகிறார்கள். இந்தப் பாட்டில் அது உடனே அந்நியமாக ஒலிக்கும்.

மூன்றாவது, இரட்டிக்கும் மெய்கள். ‘ஆக்காட்டி’ என்ற ஒரே சொல்லில் ‘க்கா’, ‘ட்டி’ என இரண்டு இடங்களில் காற்று முழுவதும் அடைபட்டுத் திறக்கிறது. அந்த இரண்டு அடைப்புகள்தாம் பறவையின் வெட்டி வெட்டிக் கூவும் குரலைச் சொல்லுக்குள் கொண்டுவருகின்றன. அவற்றை மழுக்கி ‘ஆகாடி’ என்று பாடினால் கூப்பிடும் குரல் மறைந்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று, மெட்டில்லாமல், அடைப்பில் ஒரு நொடித்துகள் அமைதி இருக்கும்படி அந்தச் சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுங்கள்.

பிறகு, யார் பேசுகிறார் என்பதைப் பிரியுங்கள். முதலடி ஊரார் கேட்பது. அடுத்த அடியிலிருந்து தாய் பேசுகிறாள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேள்வியைக் கேட்க, ஒருவர் பதிலைப் பாடுவது மிகவும் பொருத்தமான அமைப்பு. தனியாகப் பாடுகிறவர் கேள்வியை நேராக, அசைவில்லாமல் பாடிவிட்டு, பதிலில் மட்டும் குழைவைச் சேர்த்தால் போதும். மலை சுற்றிய அடிகளில் அழாதீர்கள். அவள் அங்கே தன் உழைப்பைக் கணக்குச் சொல்கிறாள். அதில் ஒரு பெருமிதம்கூட இருக்கிறது. அங்கேயே குரல் தழுதழுத்துவிட்டால் கண்ணியில் விழும் இடத்துக்கு எதுவும் மிஞ்சாது.

‘சிறகு ரெண்டும் மாரடிக்க’ என்பது பாட்டின் உச்சம். சிக்கிய பறவை படபடக்கும்போது சிறகு நெஞ்சில் மோதுகிறது; இழவு வீட்டில் பெண்கள் மாரடித்து அழுவதும் அதே சொல்லுக்குள் வந்துவிடுகிறது. ஓசையைக் கூட்டாமல், ‘மாரடிக்க’ என்பதற்கு முன் ஒரு தட்டு அளவு மூச்சு நிறுத்தி, பிறகு நேராகச் சொல்லுங்கள். அலங்காரம் எதுவும் அங்கே வேண்டாம்.

அதன் பிறகு வரும் கண்ணீர் வரிசையை நேரம் கருதிப் பலர் வெட்டிவிடுகிறார்கள். அதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். அழுத கண்ணீர் வாய்க்காலாகி இஞ்சியையும் மஞ்சளையும் வளர்க்கும் அந்த இடத்தில்தான் ஒருத்தியின் துயரம் ஊருக்குப் பயிராகிறது. ஒவ்வொரு செடிக்கும் வேகத்தைச் சிறிதும் மாற்றாமல், முந்தைய அடியின் கடைசிச் சொல்லிலிருந்து அடுத்த அடி முளைப்பதுபோல இடைவெளி விடாமல் பாடுங்கள். மூச்சை ஒவ்வோர் அடியின் நடுவில் எடுக்கப் பழகினால் இது கைகூடும்.

படி 6: பக்கவாத்தியத்தைக் குறைவாக வையுங்கள்

முதலடியிலிருந்து எல்லாக் கருவிகளும் ஒலிக்க வேண்டிய அவசியம் இல்லை. இரை தேடும் பகுதி வரை சுருதியும் கைத்தட்டும் போதும். கண்ணி விழும் இடத்தில் உடுக்கையைக் கொண்டுவாருங்கள். நடுக்கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்க முடிவதால் விம்மலுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி நம்மிடம் இல்லை. உடுக்கை வாசிப்பவர் கிடைக்காவிட்டால் தோலை ஈரப்படுத்திச் சுருதியைத் தாழ்த்திய கஞ்சிராவைப் பயன்படுத்தலாம். கண்ணீர் வாய்க்காலாக ஓடத் தொடங்கும்போது பறை சேரட்டும். பறையைத் தீயில் காய்ச்சித்தான் தோலை இறுக்குவார்கள். குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த இறுக்கம் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், வெளியே காய்ச்சிக் கொண்டுவந்தவுடன் பறைப் பகுதியை முதலில் பதிவு செய்துவிடுங்கள். கலைஞரிடம் ‘நாங்கள் தரும் லூப்பைப் போல வாசியுங்கள்’ என்று கேட்காமல், பாட்டைப் பாடிக் காட்டி அவருடைய அடியைக் கேளுங்கள்.

கீபோர்டிலும் கிட்டாரிலும் சுரக்கூட்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளை) வாசிப்பதில் எச்சரிக்கை தேவை. ஊரில் பாடுகிறவர்களின் காந்தாரம் (‘க’ என்னும் சுரம்) சில வேளைகளில் ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். கூட்டு ஒன்றைக் குரலுக்குக் கீழே வைத்த உடனே பாடகர் அறியாமலேயே அதன் பக்கம் சாய்ந்துவிடுவார். சட்ஜமும் பஞ்சமமும் (‘ச’வும் ‘ப’வும்) மட்டும் தொடர்ந்து ஒலிக்கும்படி வைத்தால் குரலுக்குச் சுதந்திரம் கிடைக்கும்.

படி 7: ஒலிப்பதிவு

விலையுயர்ந்த கூடம் இல்லாமலும் நன்றாகப் பதிவு செய்யலாம். மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, பாடகருக்குப் பின்னும் பக்கங்களிலும் ஜமக்காளமோ கம்பளியோ தொங்கவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். திறந்த குரல் உரத்தது என்பதால் உச்ச வரியில் அரை அடி தூரம் பின்வாங்கிப் பாடப் பழகுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவு செய்து, உச்ச ஒலி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கும்படி அளவை வையுங்கள். பாட்டை அடி அடியாக வெட்டி ஒட்டாமல் முழுதாகப் பாடிப் பதிவு செய்து, அவற்றில் நல்லதைத் தேருங்கள். கதை சொல்லும் மூச்சு துண்டுகளில் வராது.

கலவையின்போது எதிரொலியை ஒரு நொடிக்கும் குறைவாக வையுங்கள். நீண்ட எதிரொலி, நீங்கள் பாடுபட்டுப் பழகிய அந்த இரட்டை மெய்களின் அடைப்பை நிரப்பி அழித்துவிடும். சுருதி திருத்தும் மென்பொருளைத் தானியங்கியாக ஓடவிடாதீர்கள். அது குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் சறுக்குகளைப் படிக்கட்டாக்கிவிடும். முடித்த பதிவைப் பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் மலிவான கைப்பேசி ஒலிபெருக்கியில் ஒருமுறை போட்டுக்காட்டி, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த அடியில் அவர் தடுமாறுகிறாரோ அங்கே குரலை உயர்த்துங்கள் அல்லது கருவியைத் தாழ்த்துங்கள்.

படி 8: மேடையில் பாடும்போது

மேடையில் கூடுதலாகத் தேவைப்படுவது சிறு முன்னுரை மட்டுமே: இந்தப் பாடம் எந்த ஊரில், யாரிடம் கேட்டது என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பாட்டின் பொருளை முன்கூட்டியே விளக்கிவிட்டால் கண்ணி விழும் இடத்தில் அவையினர் அதிர மாட்டார்கள். முதல் கேள்வியை அவையோரையே பாடச் சொல்லலாம். பெரும்பாலானோர் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

படி 9: வெளியிடும்போது எழுத வேண்டியவை

‘பாடல், இசை’ என்ற இடங்களில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். ‘மரபுப் பாடல்’ என்றும், ‘பாடம் தந்தவர்’ என்று ஒப்புதல் பெற்ற பெயரும் ஊரும், ‘இசைக்கோர்வை’ என்ற இடத்தில் உங்கள் பெயரும், பறை, உடுக்கை வாசித்த கலைஞர்களின் பெயரும் வர வேண்டும். பாட்டின் முழு வரிகளையும், நீங்கள் மாற்றிய சொல்லையும் கீழே எழுதுங்கள். யூடியூபின் தானியங்கி அமைப்பு வேறொருவரின் பதிவோடு மெட்டை ஒப்பிட்டு உரிமைக் கோரிக்கை எழுப்பினால், மரபுப் பாடல் என்பதையும் பாடம் பெற்ற விவரத்தையும் குறிப்பிட்டு மறுப்புத் தெரிவிக்கலாம். முதியவரிடம் நீங்கள் செய்த கைப்பேசிப் பதிவைத் தேதியோடு பத்திரமாக வைத்திருந்தால் அது உங்கள் பக்கம் நிற்கும். வருமானம் வந்தால் பாடம் தந்தவருக்கு எவ்வளவு என்பதை வெளியிடுவதற்கு முன்பே பேசி எழுதிவைத்துவிடுங்கள். முடிந்த பதிவை அவருக்கு அனுப்பி, அவர் ஓர் அடியைச் சுட்டிக்காட்டித் தவறு என்றால், இணையத்தில் ஏற்றுவதற்கு முன்பு அந்த அடியை மறுபடி பாடுங்கள்.